கயிற்றை லூசு விடச் சொன்னது அந்தப் பெட்டியா?

1

கந்தசாமி வாத்தியாரே, நீங்கள் எழுதியது பொய். விவரம் தெரியாமல் எழுதிவிட்டார் என்று சொல்லி உங்களைத் தப்ப விடமாட்டேன். தெரிந்தே எழுதினீர்கள்.

சென்ற மாதம் இதே இதழில் உங்கள் கட்டுரை வந்தது. குவைத்திலிருந்து ஒரு குடும்பம் வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்ததாம். அந்த வீட்டு இளைஞன் இரவும் பகலும் டி.வி. முன்னால் உட்கார்ந்து சுட்டுச் சுட்டு விளையாடினானாம். உயிரின் மதிப்பு அவனுக்கு மறந்துபோனதாம். பொங்கல் எருதாட்டத்தில் ரத்தம் பார்க்கும் ஆசையில் காளையின் கயிற்றை விட்டுவிட்டானாம். ஓர் ஏழைத் தொழிலாளி குத்துப்பட்டுச் செத்தாராம். "இந்த நச்சுப் பெட்டிகளை ஊருக்குள் விடலாமா?" என்று கேட்டு முடித்திருந்தீர்கள்.

பெயர் போடவில்லை, பெரிய மனது. பாப்பாரப்பட்டிப் பக்கம் எந்த டீக்கடையில் கேட்டாலும் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அந்த இளைஞன் என் தம்பி மாதேஷ். செத்தவர் எங்கள் ஊர் சென்னப்பன். அந்தப் பெட்டி என்னுடையது.

என் பெயர் சரோஜா. உங்களிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள். நர்ஸ் வேலைக்குக் குவைத் வந்து வருஷங்கள் ஆகின்றன. இந்த இதழ் எங்களுக்குத் தபாலில் வராது. தர்மபுரியில் துணிக்கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளை யூசுப் இங்கே வேலை பார்க்கிறான். லீவு முடிந்து திரும்பும்போது கொண்டுவருவான். இந்த முறை கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைத்துவிட்டு, "அக்கா, இதப் படிச்சிட்டு டென்சன் ஆவாதீங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். படித்தேன். டென்சன் ஆகவில்லை. கோபம் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை.

2

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெட்டியில் அதிகம் விளையாடுகிறவள் நான்தான். முப்பத்தைந்து வயதுப் பொம்பளை, பிள்ளை பெற்றவள், தினமும் விளையாடுகிறேன். இதைப் படித்துச் சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை. பாலைவன ரோட்டில் கார் உருண்டு வருகிறவர்கள், கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து வருகிறவர்கள், எல்லாரும் முதலில் எங்கள் கைக்குத்தான் வருவார்கள். அவர்கள் ஒரு பாஷையில் கத்துவார்கள், டாக்டர் ஒரு பாஷையில் கத்துவார், எனக்குத் தெரிந்த அரபு பாதியில் நின்றுபோகும். அந்த நேரத்தில் என் வாயில் வருவது எங்கள் ஊர்த் தமிழ்தான். "கொஞ்சம் பொறு சாமி, இதோ ஆச்சு" என்பேன். எகிப்துக்கார நோயாளிக்கு அது புரியாது. ஆனாலும் சில பேர் அடங்குவார்கள். பிறகு மேற்பார்வையாளர் கூப்பிட்டு, நோயாளியிடம் என்ன பேசினாய், அதை ஆங்கிலத்தில் சொல் என்பார். சாமியை எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு டி.வி. போட்டால் பக்கத்து நாடுகளின் சண்டை. மண்மூட்டை, டாங்கி, வரிசையாகக் கிடத்திய ஆட்கள். என் வீட்டுக்காரர் கோவிந்தன் ஏ.சி. மெக்கானிக். அவர் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்பார். என்னால் முடியாது. செய்தி முடிந்ததும் அதே டி.வி.யில் பெட்டியைச் சொருகுவேன். மேலேயிருந்து வரிசை வரிசையாகக் கப்பல்கள் இறங்கி வரும். கீழே என் வண்டி. சுடுவேன். கப்பல் வெடித்தால் சின்னச் சின்னக் கட்டங்களாகச் சிதறும், அவ்வளவுதான். அதில் யாருக்கும் அம்மா கிடையாது. யாரையும் ஸ்ட்ரெச்சரில் ஏற்ற வேண்டாம், யார் வீட்டுக்கும் போன் போட வேண்டாம். நான் தோற்றால் பொத்தானை அழுத்தினால் மறுபடி முதலிலிருந்து. பகலெல்லாம் என் கைக்கு அடங்காத ஒன்று ராத்திரியில் கொஞ்ச நேரம் அடங்குகிறது. அதற்காகத்தான் விளையாடுகிறேன். வாத்தியாரே, மனிதர்கள் ஏன் விளையாடுகிறார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினீர்களே, விளையாடுகிறவர் ஒருத்தரிடமாவது கேட்டீர்களா?

எல்லா ஆட்டமும் நல்லது என்றும் நான் சொல்லவில்லை. பக்கத்து பிளாட் மலையாளிப் பையன் பெட்டியில் போட்டு ஆடுகிற கேசட் ஒன்று கொடுத்தான். ரோட்டில் நடந்துபோகிற ஆட்கள்மேல் வண்டியை ஏற்றினால் மார்க். அன்று காலையில்தான் அப்படி அடிபட்ட ஒரு பங்களாதேஷ்காரரின் காலை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கேசட்டை அவன் அம்மாவிடம் திருப்பிக் கொடுத்து, "இதை நீங்களே ஒரு தடவை ஆடிப் பாருங்கள்" என்றேன். அவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எது ஆகும், எது ஆகாது என்று எனக்கே தெரியும். நீங்கள் சொல்லித்தர வேண்டாம்.

3

போன பொங்கலுக்கு லீவில் வந்தபோது பெட்டியையும் கொண்டுவந்தேன். மகள் கவிதா அது இல்லாமல் ஊருக்கு வரமாட்டேன் என்றாள். பதினோரு வயது. தமிழ் பேசுவாள், படிக்க வராது. ஊர் என்றால் அவளுக்குக் கொசுவும் கக்கூஸும்தான். பெட்டி இருந்தால் வருகிறேன் என்றாள், சரி என்றேன்.

மெட்ராஸ் கஸ்டம்ஸில் நிறுத்திவிட்டார்கள். அதிகாரி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னம்மா?"

"டி.வி.யில சொருகி விளையாடறதுங்க."

"யாரு விளையாடுவாங்க?"

"நான்தாங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல், "குழந்தைகள் விளையாட்டுப் பொருள்" என்று எழுதிக்கொண்டார். "குழந்தைன்னு எழுதாதீங்க சார், அது என்னுது" என்றேன். "பெரியவங்க விளையாட்டுக்குப் படிவத்துல எடம் இல்லம்மா" என்றார். அதுதான் உங்கள் எல்லார் பிரச்சினையும். பெரியவன் விளையாடுவதை எந்தப் படிவத்திலும் ஒத்துக்கொள்ளமாட்டீர்கள்.

மாதேஷ் அதற்கு முந்தின வருஷம்தான் கறுப்பு வெள்ளை டி.வி. வாங்கியிருந்தான். வோல்டேஜ் இறங்கினால் படம் சுருங்கும். ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. எங்கள் வூட்டு நடையில் செருப்பு வைக்க இடமில்லை. மாதேஷுக்கு விளையாட வரவில்லை. உழவு ஓட்டிக் காய்த்த கட்டைவிரலுக்கு அந்தச் சின்னப் பொத்தான் பிடிபடவில்லை. இரண்டு தரம் உட்கார்ந்தான், இரண்டு தரமும் கண் மூடித் திறப்பதற்குள் தோற்றான். கவிதா தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, நீங்க சும்மா பாருங்க, ஆடாதீங்க" என்று எழுப்பிவிட்டாள். "எனக்கு மாடு மேச்சாலே போதும் தாயி" என்று எழுந்து போனவன் திரும்ப அதைத் தொடவில்லை.

தொட்டது யார் தெரியுமா? வாசகர்களே, அந்தக் கட்டுரையை எழுதிய கந்தசாமி வாத்தியார்தான்.

"ஏம்மா சரோஜா, என்னமோ மிசினு கொண்டாந்திருக்கியாமே" என்று வந்தீர்கள். நாற்காலி போட்டோம், வேண்டாம் என்று பாயிலேயே உட்கார்ந்தீர்கள். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டீர்கள். டாங்கிச் சண்டை ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் கவிதா. முதலில் அவள் ஜெயித்தாள். பிறகு நீங்கள் ஜெயித்தீர்கள், ஜெயித்துக்கொண்டே இருந்தீர்கள். "வுடாத, வுடாத, அடி" என்று உங்கள் சத்தம் தெருவுக்குக் கேட்டது. என் அம்மா காபி கொண்டுவந்து வைத்து ஆறியே போய்விட்டது. உங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டும், "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்றீர்கள்.

கிளம்பும்போது என் அம்மாவிடம் நீங்கள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "எத்தன தரம் செத்தாலும் எந்திரிச்சி வந்துடறான் ஆத்தா. நல்லாத்தான் இருக்குது." அன்றைக்கு அது நச்சுப் பெட்டியாகத் தெரியவில்லையா?

4

எருதாட்டம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாரியம்மன் கோயில் மைதானத்தில் காளையைக் கொண்டுவருவார்கள். அதன் கழுத்தில் கட்டிய நீளமான வடக்கயிற்றைப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் பிடித்திருப்பார்கள். முன்னால் ஒருவர் மூங்கில் கழியில் வைக்கோல் பொம்மையைக் கட்டி, அதற்குச் சட்டை மாட்டி, காளை முகத்துக்கு நேரே ஆட்டுவார். காளை மிரண்டு பாயும். பொம்மையைக் குத்தப்போகிற நேரத்தில் பின்னால் உள்ளவர்கள் கயிற்றைச் சுண்டி இழுப்பார்கள். கூட்டம் கத்தும். விளையாட்டு அவ்வளவுதான். சாவு கிட்டே வரவேண்டும், தொடக்கூடாது. கயிறு அதற்குத்தான்.

கயிறு பிடிப்பது நிலம் உள்ள வீட்டுக்காரர்கள். பொம்மை பிடிப்பது எந்தத் தெருக்காரர் என்று ஊருக்குத் தெரியும். வாத்தியார் வீட்டுப் பிள்ளை எவனும் எந்தக் காலத்திலும் பொம்மை பிடித்ததில்லை. சென்னப்பனும் அவருக்கு முன்னால் அவர் அப்பாவும்தான் பிடித்தார்கள். அன்று காலையில் என் அம்மா, "சென்னப்பா, வயசாவுதே, இந்த வருசம் வேற ஆள வுட்டா என்னா" என்று கேட்டாள். "எங்க தெருவுல வேற யாரு ஆத்தா அந்தச் செவலக் காள மொகத்தப் பாத்துக்கிட்டு நிப்பான்? அதுக்கு என்னைத் தெரியும், எனக்கு அதத் தெரியும்" என்று சிரித்தார். பொம்மைக்கு மாட்ட என் வீட்டுக்காரரின் பழைய சட்டை ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். "குவைத்து சட்டை போட்ட பொம்மைய குத்தறதுக்குச் செவலைக்குக் குடுத்து வெச்சிருக்கணும்" என்றார்.

மைக் உங்கள் கையில் இருந்தது. வருஷா வருஷம் உங்கள் கையில்தான் இருக்கும். மேடையில் தர்மபுரியிலிருந்து வந்த விருந்தாளிகள். இரண்டு காளைகள் மந்தமாகப் போய்விட்டன. கூட்டம் கலையப் பார்த்தது. உங்களுக்குக் கௌரவம் போகிறது என்று பட்டிருக்கும். செவலைக் காளை வந்ததும் மைக்கில் சொன்னீர்கள்:

"என்னாடா மாட்டுக்கு ஊஞ்சல் கட்டி ஆட்டுறீங்களா? கயித்த லூசு வுடுங்கடா. வந்தவங்க பாக்கட்டும்."

கயிற்றின் தலைப்பிடியில், காளைக்கு மிக அருகில், இருந்தவன் மாதேஷ். அவன் திரும்பி மேடையைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நான் கோயில் பக்கம் பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் மறுபடி சொன்னீர்கள்.

"டேய் மாதேஷு, பயந்தா பொடவ கட்டிக்கிட்டு வூட்டுல குந்துடா. லூசு வுடுறா."

கூட்டம் சிரித்தது. அவனுக்குப் பின்னால் நின்றவர்கள் கயிற்றைத் தளர்த்திவிட்டார்கள். செவலை பாய்ந்தது. மாதேஷ் ஒருவன் மட்டும் கயிற்றை விடவில்லை. காளை அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. பொம்மை ஒரு பக்கம் விழுந்தது. சென்னப்பன் இன்னொரு பக்கம்.

தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் வேனில் சென்னப்பன் தலை என் மடியில்தான் இருந்தது. அவர் மாதேஷைத் திட்டவில்லை. யாரையும் திட்டவில்லை. "செவலைய அடிக்க வேணாம்னு சொல்லும்மா" என்று ஒரு தடவை சொன்னார். இரண்டு நாள் இருந்தார். பிறகு இல்லை.

அந்த ஆஸ்பத்திரியில்தான் மாதேஷின் கையையும் பார்த்தேன். உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. கயிறு அறுத்துக்கொண்டு ஓடியிருக்கிறது. நான்தான் கட்டுப் போட்டேன். ரத்தம் பார்க்கும் ஆசையில் கயிற்றை விட்டவனுக்கு உள்ளங்கை ஏன் உரிகிறது, வாத்தியாரே? விட்டவன் கை சும்மா இருக்கும். உங்கள் கை சும்மா இருந்த மாதிரி.

5

போலீஸ் வந்தது. நான் பார்த்ததைச் சொல்ல ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் என் பாஸ்போர்ட்டைக் கேட்டார். விலாசம் குவைத் என்று இருந்தது. "நீங்க வெளிநாட்டுல இருக்கறவங்க, நாளைக்கு கேசுன்னா வருவீங்களா? எதுக்கும்மா வம்பு" என்றார். வருவேன் என்றேன். "லோக்கல் ஆளு சொல்லட்டும், எழுதிக்கறோம்" என்றார். லோக்கல் ஆள் எவனும் சொல்லவில்லை. அத்தனை பேர் காதிலும் மைக் சத்தம் விழுந்தது. அத்தனை பேருக்கும் உங்களிடம் ஏதோ ஒரு சிபாரிசு வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் நடந்ததைச் சொல்ல எனக்கு விலாசம் இல்லை. இங்கே தங்கும் அனுமதி கொடுக்கிற இக்காமா ஆபீஸில் வரிசையில் நின்றால் நான் இந்தியாக்காரி, அங்கே ஸ்டேஷனில் நின்றால் குவைத்துக்காரி.

லீவு முடிந்து வந்துவிட்டேன். கேஸ் விபத்து என்று முடிந்தது. சரி, அதோடாவது விட்டிருக்கலாம். ஊரில் மெதுவாக உங்கள் பெயர் அடிபட ஆரம்பித்திருக்கிறது. உடனே பேனாவை எடுத்துவிட்டீர்கள்.

கட்டுரை வந்தபிறகு மாதேஷுக்குப் பேசிவைத்திருந்த சித்தேரிப் பக்கத்துப் பெண்ணின் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கொலைகாரப் பயல் என்று பஸ்ஸிலேயே சொல்கிறார்களாம். சென்னப்பனின் மனைவி பச்சியம்மாளுக்கு இருக்கும் துண்டுக் காட்டை, கூலிகூட வாங்காமல், மாதேஷ்தான் உழுது கொடுத்துக்கொண்டிருந்தான். உங்கள் எழுத்தை யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். "எம் புருசன வேடிக்க பாக்கக் கொன்னவன் ஏரு என் காட்டுல எறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். அவன் ஏரைத் திருப்பிக்கொண்டு வந்தான். இப்போது ஓசூரில் ஏதோ கம்பெனியில் காவல் வேலை. அம்மா தனியாக இருக்கிறாள். டெலிபோன் பூத்திலிருந்து என்னிடம் பேசினான். "அக்கா, அந்தப் பொட்டிய நான் சரியாக்கூட ஆடலியே" என்றான்.

6

உங்கள் கட்டுரையை என் வீட்டுக்காரருக்காகச் சத்தமாகப் படித்தேன். கவிதா பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கேட்கிறாள் என்று நான் நினைக்கவில்லை. ஊர்ச் சமாச்சாரம் என்றால் எழுந்து போய்விடுகிற பிள்ளை.

மறுநாள் டியூட்டி முடிந்து வருகிறேன், டி.வி. பக்கத்தில் பெட்டி இல்லை. கட்டடத்துக்குக் கீழே குப்பைத் தொட்டியின் ஓரத்தில் பிளாஸ்டிக் பையில் கிடந்தது. வயரை ஒழுங்காகச் சுற்றி வைத்திருந்தாள்.

"ஏன் போட்ட?"

"இத நான் கொண்டு வராம இருந்திருந்தா சென்னப்பன் மாமா இருந்திருப்பாருல்ல?"

"யாரு சொன்னா?"

"நீதான் படிச்ச."

அப்படி இல்லை என்றேன். அவள் நம்பவில்லை. "புக்ல போட்டிருக்குல்ல" என்றாள். பிறகு, "கேம்ல நான் நெறய தடவ செத்திருக்கேன். மாமாவுக்கு ஒண்ணுதான உயிரு. அது எனக்குத் தெரியும்மா. மாதேஷ் மாமாவுக்கும் தெரியும். அப்புறம் ஏன் அப்படி எழுதினாரு?" என்று கேட்டாள்.

பதினோரு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியாதா? ஐந்தாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுத்த மனுஷனுக்குத் தெரியாதா?

என் வீட்டுக்காரர் ஒரு யோசனை சொன்னார். "அவரு கட்டுரையவே திருப்பிப் போடு. பெட்டி முன்னால கத்துனது அவருதான, மைக்ல கத்துனதும் அவருதான. பெட்டிதான் அவரு புத்தியக் கெடுத்துச்சுன்னு எழுது" என்றார். நன்றாகத்தான் இருந்தது. எழுத உட்கார்ந்தேன். எழுதவில்லை. ஏனென்றால் அது பொய். பெட்டி ஊருக்குள் வருவதற்கு முன்பே, கரண்ட் வருவதற்கு முன்பே, தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு நீங்கள் இதைத்தான் சொன்னீர்கள். நான் பாவாடை கட்டிய பிள்ளையாகக் கேட்டிருக்கிறேன். சென்னப்பனின் அப்பாவுக்கு விலா எலும்பு முறிந்த வருஷமும் கயிற்றை லூசு விடச் சொன்னது நீங்கள்தான். அப்போது எந்தப் பெட்டியைக் குறை சொன்னீர்கள்?

டாங்கி ஆட்டத்தில் நீங்கள் கத்தியதை நான் தப்பு என்று சொல்லவே இல்லை. அங்கே கத்தலாம். அங்கே யாரும் சாவதில்லை. அதற்காகத்தான் அது இருக்கிறது. உயிரோடு ஓர் ஆள் பொம்மையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் கத்தினீர்களே, அதுதான் தப்பு.

7

இந்தப் பொங்கலுக்கும் எருதாட்டம் உண்டு என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது என்று அம்மா சொன்னாள். நிகழ்ச்சி வர்ணனை, கந்தசாமி வாத்தியார். பொம்மை பிடிக்கப்போவது சென்னப்பனின் தம்பி முனியப்பன். ஒரு மாறுதல் மட்டும் செய்திருக்கிறார்களாம். அன்றைக்கு ஊரில் யாரும் டி.வி. போடக்கூடாது என்று கட்டுப்பாடு. கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மைக்கைப் பற்றியும் இல்லை.

வாத்தியாரே, நான் வழக்குப் போடப்போவதில்லை. எனக்கு விலாசம் இல்லை என்று உங்கள் ஊர் ஸ்டேஷனிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஒரு பதில். கயிற்றை லூசு விடச் சொன்னது யார்? மாதேஷைப் புடவை கட்டிக்கொள்ளச் சொன்னது யார்? வீட்டுக்கு ஆள் அனுப்பி என் அம்மாவிடம் சமாதானம் பேசவேண்டாம். பொய்யை எந்த இதழில் எழுதினீர்களோ அந்த இதழிலேயே, அதே அளவு எழுத்தில், உங்கள் பெயரைப் போட்டு எழுதுங்கள். பொங்கலுக்கு முன்னால் எழுதுங்கள். முனியப்பன் பொம்மையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் ஊர் அதைப் படிக்கவேண்டும். பச்சியம்மாளுக்கு யாராவது படித்துக் காட்டவேண்டும்.

இங்கே என் மகளுக்கு நான் படித்துக் காட்டுவேன். பெட்டியை எடுத்துவந்து துடைத்து வைத்திருக்கிறேன். அவள் அதைத் தொடவில்லை. நீங்கள் சொல்கிறவரை தொடமாட்டாள். சொல்லுங்கள்.